தீனபந்து மித்ரர்
'நீலதர்ப்பணம்' இயற்றிய தபால் உத்தியோகஸ்தர்

வங்காளத்து ஆசிரியர்கள் என்று சொன்னவுடன் தமிழ் மக்களின் நினைவுக்கு வருகிறவர்கள் மூவர். பங்கிம் சந்திரர், ரவீந்திரநாதர், சரத் சந்திரர் ஆகிய இம்மூவருடைய நூல்களையும் தமிழில் படித்து அனுபவித்தோர் பல்லாயிரவர். ஆனால், பங்கிமர் தமது 'ஆனந்த மட'த்தை எவருடைய நினைவுக்குச் சமர்ப்பணம் செய்தாரோ, அந்த நண்பரின் பெயரை அறிந்தவர் நம்மில் வெகு சிலரே. அவர்தாம் ராய் பகதூர் தீனபந்து மித்ரர். தபால் இலாகாவில் ஊர் ஊராய்ச் சுற்றி வேலை பார்த்தவர். நாற்பத்து மூன்றாவது வயதில் காலமானவர். விரல்விட்டு எண்ணக்கூடிய நாடகங்களையே எழுதி வைத்துப் போனவர்.

ஆயினும் அந்த நாடகங்களுள் ஒன்று செய்த வேலையைப் பெரிய படையொன்றும் செய்திருக்க முடியாது. அதன் நிமித்தமாக ஒரு பாதிரியார் சிறை சென்றார். வங்காள ராஜாங்கத்தின் காரியதரிசி பதவியை விட்டு விலக நேர்ந்தது. லெப்டினண்ட் கவர்னரே தமது மேலதிகாரிகளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியவரானார். வங்காளத்தில் பொது ஜனங்கள் டிக்கட்டு வாங்கிக்கொண்டு நாடகம் பார்க்கும் வழக்கமே அந்த நாடகத்தைக் கொண்டுதான் ஆரம்பமாயிற்று. எழுத்தினால் என்ன ஆகிவிடும் என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் இச்சரித்திரத்தை அறிந்துகொள்வது நலமென்று கருதி இங்கே சுருக்கிக் கூறுகிறோம்.

இளமையும் கல்வியும்

தீனபந்து 1830-ம் ஆண்டில், அக்காலத்து நதியா ஜில்லாவைச் சேர்ந்த சௌபேரியா கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் காலாசாந்து மித்ரர். குடும்பம் கௌரவமான காயஸ்தக் குடும்பமானாலும் கையில் பொருளில்லை. பெற்றோர் குழந்தைக்கு இட்ட பெயர் கந்தர்வ நாராயணன் என்பது. பள்ளிப் பிள்ளைகள் அந்த நீண்ட பெயரைக் குறுக்கிக் 'கந்தம்' என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். பிள்ளை பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே தனக்குத் தீனபந்து என்று வேறு பெயர் வைத்துக்கொண்டான். ஏழைகளின் உறவினன் என்பது அதன் பொருள். பிற்காலத்தில் அவர் செய்த காரியத்தை நோக்கும்போது, பெற்றோர் இட்ட பெயரைக் காட்டிலும் பிள்ளை தேடிக்கொண்ட பெயரே பொருந்திற்று என்று சொல்ல வேண்டும்.

கிராமப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் எழுத்தும் கணக்கும் கற்றவுடன், தகப்பனார் அவரை ஒரு ஜமீன் கச்சேரியில் மாதம் எட்டு ரூபாய்ச் சம்பளத்தில் அமர்த்தினார். பிள்ளைக்கோ இங்கிலீஷ் படிக்க வேண்டுமென்ற தாகம். ஒருவருக்கும் சொல்லாமல் கல்கத்தாவுக்கு ஓடிப்போய், உறவினர் வீட்டில் பாத்திரம் துலக்குவது முதலிய வேலைகளைச் செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். சம்பளம் கட்ட வழியில்லாத அப்பிள்ளைக்கு இடங்கொடுத்தது ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் நடத்திய இலவசப் பள்ளிக்கூடம். இந்த லாங் பாதிரியாரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அது மீண்டும் வரும்.

அப்பால் உபகாரச் சம்பளங்கள் பெற்று 1850-ல் ஹிந்து காலேஜில் சேர்ந்தார். அக்காலத்தில் வங்காளத்தின் இளங்கவிகளுக்கெல்லாம் ஆதரவாயிருந்தவர் 'சம்வாத பிரபாகர்' பத்திரிகையின் ஆசிரியர் ஈசுவர சந்திர குப்தர். தீனபந்துவும் பங்கிமரும் மாணாக்கர்களாயிருந்த நாளிலேயே அந்தப் பத்திரிகையில் கவிதை எழுதி ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். அந்த நட்பு சாகும்வரை குன்றாமல் நிலைத்தது. தீனபந்து காலேஜின் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. குடும்பக் கஷ்டம் ஒரு பக்கம் இழுக்க, 1855-ல் பாட்னாவில் போஸ்டு மாஸ்டராக உத்தியோகம் ஏற்றுக்கொண்டார். பிறகு தபால் இலாகாவில் மேல் உத்தியோகம் பெற்று, ஒரிஸ்ஸா, நதியா, டாக்கா முதலிய பிரதேசங்களில் தபால் நிலையங்களைப் பார்வையிடும் வேலையில் அமர்ந்தார்.

இந்த உத்தியோகம் அவருடைய கல்விக்கு முடிவன்று. மேற்படிப்பு என்றே சொல்லலாம். ஓடத்திலும் பல்லக்கிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாகப் போனார். குடியானவர், ஓடக்காரர், கச்சேரிக் குமாஸ்தா, கிராமத்துக் கிழவி, முஸ்லிம் உழவன் ஆகிய எல்லாருடைய பேச்சும் நடையும் அவருடைய காதில் விழுந்தன, மனத்தில் பதிந்தன. கல்கத்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய பண்டிதர்களுக்குக் கிட்டாத செல்வம் இது. அந்தச் சுற்றுப்பிரயாணத்தில் அவர் கண்ட பெருங்கொடுமைதான் நீலப் பயிர்.

நீலத் துரைமாரின் தர்பார்

நீலச் சாயம் எடுக்கும் அவுரிச் செடி நம் தென்னாட்டாருக்குப் புதியதன்று. கடப்பை, தென்னார்க்காடு முதலிய ஜில்லாக்களிலும் அது பயிரானதுண்டு. ஆனால் வங்காளத்தில் அது பயிராகவா இருந்தது? பிணியாக இருந்தது. வெள்ளைக்கார நீலத் துரைமார் கிராமங்களில் சாயச் சாலைகளைக் கட்டிக்கொண்டு, சுற்றியுள்ள குடியானவர்களுக்கு வலிய முன்பணம் கொடுப்பார்கள். பீகா ஒன்றுக்கு இரண்டு ரூபாய் என்பது சாதாரணக் கணக்கு. பணத்தைத் தொட்டவன் தன் நிலத்தில் நல்ல பாகத்தில் நெல்லை விட்டு அவுரியை விதைக்க வேண்டும். விளைச்சலைத் துரை வைத்த விலைக்கே கொடுக்க வேண்டும். அந்த விலை பயிரிடும் செலவுக்கே போதாது. ஆகவே முன்பணம் ஒருநாளும் அடைபடுவதில்லை. தகப்பன் வாங்கிய இரண்டு ரூபாய் மகன் தலையிலும் பேரன் தலையிலும் கடனாக ஏறும். நிலத்தை அளக்கும் கோலும் துரையினுடையது. கணக்கெழுதும் குமாஸ்தாவும் துரையினுடையவன்.

மறுத்தவன் கதி என்ன? துரையின் தடிக்காரர்கள் வருவார்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள், வீட்டை இடிப்பார்கள், ஆளைச் சாயச் சாலையில் அடைத்து உதைப்பார்கள். பல இடங்களில் துரைமாரே ஜமீன் குத்தகையையும் எடுத்திருந்தபடியால், குடியானவனுக்கு நில உடையவனும் கடன் கொடுத்தவனும் தண்டிப்பவனும் ஒருவனே ஆனான். கோர்ட்டுக்குப் போகலாமென்றாலோ, ஜில்லா மாஜிஸ்டிரேட்டு துரையின் மேஜையில் விருந்துண்பவராக இருப்பார்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. 1859-ல் நதியா ஜில்லாவிலும் அதையடுத்த ஜில்லாக்களிலும் உழவர்கள் அவுரி விதைக்கமாட்டோமென்று ஒரே கட்டாக எழுந்தார்கள். சௌகாச்சாவைச் சேர்ந்த விஷ்ணுசரண் விசுவாஸ், திகம்பர் விசுவாஸ் என்ற இருவர் முன்னின்றார்கள். இவர்கள் சாயச் சாலையிலேயே வேலை பார்த்து வெளிவந்தவர்கள். ஹிந்துக்களும் முஸ்லிம்களும் வித்தியாசமின்றித் தோளோடு தோள் நின்றார்கள். 'ஹிந்து பேட்ரியட்' ஆசிரியர் ஹரிச்சந்திர முகர்ஜி தமது பத்திரிகையை இந்த ஏழைகளுக்கே அர்ப்பணம் செய்தார். கிராமத்திலிருந்து வரும் குடியானவர்களுக்கு அவருடைய வீட்டிலே சோறும் உண்டு; மனு எழுதிக் கொடுக்கும் கையும் உண்டு.

துரைத்தனத்தார் முதலில் செய்த காரியம் 1860-ம் ஆண்டின் பதினோராவது சட்டம். நீல ஒப்பந்தத்தை மீறுவதைக் கிரிமினல் குற்றமாக்கிய சட்டம் அது. சிவில் கடனுக்கு விலங்கு மாட்டும் இந்த விசித்திரம் ஆறு மாதம் நீடித்தது. அதே சமயத்தில் விசாரணைக் கமிஷன் ஒன்றும் நியமிக்கப்பட்டது. கமிஷன் முன்னிலையில் சாட்சி சொன்ன ஆங்கிலேய அதிகாரி ஒருவர், மனித இரத்தக் கறை படியாத நீலப் பெட்டி ஒன்றேனும் இங்கிலாந்து போய்ச் சேர்வதில்லை என்ற கருத்தை மறைவின்றிக் கூறினார். 1860 ஆகஸ்டில் வெளியான கமிஷன் அறிக்கை, நீலச் சாகுபடி முறை குடியானவனுக்குக் கேடு விளைப்பதென்றும் அது கட்டாயத்தினாலேயே நடந்து வருகிறதென்றும் ஒப்புக்கொண்டது. அந்த நாட்களில் லெப்டினண்ட் கவர்னர் சர் ஜான் பீட்டர் கிராண்டு நதி வழியாகப் பிரயாணம் செய்தபோது, அறுபது எழுபது மைல் தூரம் இரு கரைகளிலும் ஆணும் பெண்ணுமாக ஜனங்கள் திரண்டு நின்று நியாயம் கேட்டார்கள்.

ஒரு வழிப்போக்கனின் நாடகம்

இத்தருணத்தில், 1860-ல், டாக்கா நகரிலே ஒரு வங்காளி நாடகம் அச்சாகி வெளிவந்தது. நூலின் பெயர் 'நீலதர்ப்பணம்'. இங்கே தர்ப்பணம் என்பது பிதிர்க்களுக்கு இறைக்கும் நீரன்று. முகம் பார்க்கும் கண்ணாடி. நீலத் துரைமார் தங்கள் முகத்தை இக்கண்ணாடியில் பார்த்துச் சுயநலக் கறையைத் துடைத்துக்கொள்ளட்டும் என்பதே ஆசிரியருடைய விண்ணப்பம். ஆசிரியரின் பெயர் நூலில் இல்லை. யாரோ ஒரு வழிப்போக்கன் இயற்றியது என்ற குறிப்பு மட்டும் இருந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர் வேறு எப்படி எழுத முடியும்? ஆனாலும் அந்தக் குறிப்பில் பொய்யில்லை. தபால் உத்தியோகஸ்தரான தீனபந்து மெய்யாகவே வழிப்போக்கர்தாம்.

இந்நூல் நீரில் மூழ்கிப் போகாமல் பிழைத்ததே தெய்வச் செயல். தீனபந்து மேகனா நதியைக் கடக்கையில் ஓடத்தில் நீர் புகுந்து மூழ்கும் நிலைமை உண்டாயிற்று. உடனிருந்தோர் கலங்க, இவர் நீலதர்ப்பணத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். நல்லவேளையாக ஓடம் ஒரு மணல் திட்டையடைந்து எல்லாரும் உயிர் தப்பினர். இதைப் பதிவு செய்தவர் பங்கிமர்.

நாடகத்தின் கதை சிக்கலற்றது. சுவர்ப்பூர் என்ற கிராமத்தில் கோலோக வசு என்னும் கண்ணியமான குடும்பஸ்தர் வாழ்கிறார். மூத்த மகன் நவீன மாதவன் குடியானவர்களுக்குப் பரிந்து பேசுகிறவன். இதனால் நீலத் துரையான உட் என்பவனுக்கு அக்குடும்பத்தின்மேல் பகை மூளுகிறது. பொய் வழக்கில் சிக்கிய கிழவர் கோலோகர், மானம் போனதைத் தாங்காமல் சிறையிலே தூக்கிட்டுக்கொண்டு மாள்கிறார். ரோக் என்ற மற்றொரு துரை, சாதுசரணன் என்ற உழவனுடைய மகளும் கர்ப்பிணியுமான க்ஷேத்ரமணியைப் பிடித்து வரச் செய்து மானபங்கம் செய்யத் துணிகிறான். நவீன மாதவனும் தோராப் என்ற முஸ்லிம் உழவனும் புகுந்து அவளை மீட்கிறார்கள். ஆனால் துரையின் உதை பட்டிருந்த அப்பெண் பிழைக்கவில்லை. நவீன மாதவனும் உட் துரையின் கையால் அடிபட்டு இறக்கிறான். தாய் சாவித்திரி சித்தப்பிரமை கொண்டு தன் இளைய மருமகளையே கொன்று, நினைவு திரும்பியபின் செய்ததையறிந்து உயிர் விடுகிறாள். நாடகம் முடியும்போது அந்த வீடு சுடுகாடாகி நிற்கிறது.

நாடக இலக்கணம் வல்லார் இதில் குறை காண்பது எளிது. மேடையெங்கும் மரணம் மலிந்துவிட்டது. பெரிய வீட்டுப் பாத்திரங்கள் சம்ஸ்கிருதப் பதங்கள் நிறைந்த செயற்கை நடையில் பேசுகிறார்கள். ஆனால் தோராப்பும் மற்ற உழவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வாயைத் திறந்தால் உயிருள்ள மனிதர் பேசுகிறார்கள். கிராமத்தின் வசை, வேடிக்கை, அழுகை யாவும் அப்படியே வந்து விழுகின்றன. அதுவரை வங்காள இலக்கியத்தில் உழவனுக்கு வாய் இருந்ததில்லை. தீனபந்து கொடுத்தார்.

பாதிரியார் சிறை சென்ற வழக்கு

நாடகம் வங்காளியில் இருந்தவரையில் துரைமாருக்கு நோவில்லை. அவர்கள் வங்காளி படிப்பவர்களல்லர். அது இங்கிலீஷில் வந்தவுடன் தான் நெருப்பு மூண்டது.

முன்னே நாம் கூறிய லாங் பாதிரியார் அயர்லாந்தில் பிறந்தவர். 1840-ல் கல்கத்தாவுக்கு வந்தவர். வங்காளி நூல்களுக்குப் பட்டியல் தயாரிப்பதிலே ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர். ஜனங்கள் தங்கள் தாய்பாஷையில் என்ன பேசுகிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்பதை ஆள்வோர் அறியாதிருந்ததே 1857-ம் வருஷத்து விபரீதத்துக்குக் காரணம் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அவர் நீலதர்ப்பணத்தைப் பற்றி வங்காள ராஜாங்கக் காரியதரிசி ஸீட்டன்-கர்ரிடம் எடுத்துரைத்தார். நீலக் கமிஷனுக்குத் தலைமை வகித்தவரும் இந்த ஸீட்டன்-கர்ரே. அவருடைய சம்மதத்தின் பேரில் மொழிபெயர்ப்புத் தயாராகி, 1861-ல் ஐந்நூறு பிரதிகள் அச்சிடப்பட்டன. மொழிபெயர்த்தவர் பெயர் வெளியிடப்படவில்லை. மகாகவி மைக்கேல் மதுசூதன தத்தரே மொழிபெயர்த்தாரென்பது பங்கிமர் முதலியோர் கூற்று. அதை மறுப்போரும் உளர். பிரதிகளில் ஒரு பகுதி ராஜாங்க முத்திரையுடன் இங்கிலாந்திலுள்ள பிரமுகர்களுக்குத் தபாலில் சென்றது.

துரைமார் கொதித்தெழுந்தார்கள். முதலில் அச்சுக்கூடத்தார்மீது வழக்குத் தொடுத்தார்கள். லாங் பாதிரியார் தம் பெயரைச் சொல்லிவிடும்படி தாமே அச்சுக்கூடத்தாருக்கு அனுமதி கொடுத்தார். அச்சிட்டவருக்குப் பத்து ரூபாய் அபராதத்தோடு போயிற்று. பிறகு லாங்கின்மீது அவதூறு வழக்கு வந்தது. 'இங்கிலீஷ்மன்', 'பெங்கால் ஹர்காரு' என்ற இரு பத்திரிகைகளும் துரைமாரைப் புகழ்ந்து வந்தன. அவ்விரண்டும் ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு அப்படிச் செய்வதாக நாடகத்தின் முகவுரை குத்திக் காட்டியிருந்தது. அது ஒரு குற்றச்சாட்டு. நீலத் துரைமார் என்ற வகுப்பாரையே நாடகம் இழிவு செய்தது என்பது மற்றொன்று.

கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில் 1861 ஜூலையில் விசாரணை நடந்தது. நீதிபதி ஸர் மார்டாண்ட் வெல்ஸ். வங்காளிகள் பொய்யர்கள் என்ற பொருள்பட நியாயாசனத்திலிருந்தே பேசிப் பேர்பெற்றவர் இவர். சட்டத் தொழிலில் உள்ள நாம் ஒரு விஷயத்தைக் கூறாமல் மேலே செல்ல முடியவில்லை. அவதூறு என்பது இன்னாரைக் குறித்தது என்று காட்டப்பட வேண்டும். ஒரு தொழிலைச் செய்யும் கூட்டத்தார் அனைவரையும் பற்றி நாடகத்தில் எழுதியதற்கு அவதூறுத் தண்டனை விதிப்பதானால், வக்கீல்களையும் வைத்தியர்களையும் நகைத்து எழுதிய நாடகாசிரியர் அத்தனை பேரும் சிறையில்தான் இருக்க வேண்டும். ஸர் மார்டாண்ட் வெல்ஸுக்கு இது தோன்றவில்லை. ஆங்கில மாதர்களின் பெயருக்கு நாடகம் களங்கம் உண்டாக்கியதென்று ஜூரிகளுக்கு ஆவேசமாக எடுத்துரைத்தார். ஜூரிகள் குற்றவாளி என்றனர். ஜூலை 24-ந் தேதி, ஆயிரம் ரூபாய் அபராதமும் ஒரு மாதக் காவலும் விதிக்கப்பட்டன. காளிபிரசன்ன சிங்கர் என்ற இளைஞர் அந்த ஆயிரம் ரூபாயையும் கோர்ட்டிலேயே கட்டிவிட்டார். மகாபாரதத்தை வங்காளி வசனத்தில் மொழிபெயர்ப்பித்து வெளியிட்ட புண்ணியவான் அவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். பணத்தை மற்றொருவர் கொடுக்கலாம். சிறையை மற்றொருவர் ஏற்க முடியாது. பாதிரியார் சிறை புகுந்தார். மொழிபெயர்ப்பாளரின் பெயரையோ மூல ஆசிரியரின் பெயரையோ தம்மைக் காத்துக்கொள்வதற்காக அவர் வெளியிடவில்லை.

ஸீட்டன்-கர் காரியதரிசி பதவியைத் துறந்தார். ஹரிச்சந்திர முகர்ஜியோ வழக்குக்கு ஒரு மாதம் முன்னதாகவே, ஜூன் 14-ந் தேதி, உழைத்து உழைத்து உடல் நைந்து இறந்து போயிருந்தார். அவர் இறந்த பின்னும் அவருடைய விதவையைத் துரைமாரின் வழக்கு விடாமல் துரத்தியது. ஸர் மார்டாண்ட் வெல்ஸைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டுமென்று ராஜா ராதாகாந்த தேவரின் மாளிகையில் பெருங்கூட்டம் கூடி இந்தியா மந்திரிக்கு மனு அனுப்பியது. கல்கத்தாவின் பெரிய மனிதர்கள் ஒரு நீதிபதியை எதிர்த்துப் பகிரங்கமாகக் கூடியது அந்நாளில் சாமானியமான காரியமன்று.

தீனபந்துவின் நிலைமை

இந்தக் காலமெல்லாம் நூலாசிரியர் எங்கே இருந்தார்? தம் உத்தியோகத்தில் இருந்தார். இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. இளமையில் தமக்கு இலவசமாகப் படிப்பளித்த பெரியவர் தமது நூலுக்காகச் சிறை சென்றபோது, எழுதியவன் நானே என்று அவர் முன்வந்திருக்க வேண்டாமா? இக்கேள்வியை மழுப்பிவிட்டுச் செல்வது வாழ்க்கை வரலாறு எழுதுவோருக்கு அழகன்று.

நம் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறோம். வழக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வெளியிட்டதைப் பற்றியது. தீனபந்து வெளிவந்திருந்தாலும் லாங் விடுதலையாகியிருக்க மாட்டார். குற்றவாளிகள் இருவராகியிருப்பார்கள், அவ்வளவே. தவிரவும், அவர் தம்மை அப்படியொன்றும் ஒளித்து வைத்துக்கொண்டவரல்லர். நீலதர்ப்பணத்தை எழுதியவர் யாரென்பது சில நாட்களில் வங்காளமெங்கும் தெரிந்திருந்ததென்று பங்கிமர் எழுதுகிறார். நீலத் துரைமார் நிறைந்த ஜில்லாக்களிலேயே ஓடத்திலும் பல்லக்கிலும் தனியே திரிந்து கொண்டிருந்த ஓர் உத்தியோகஸ்தருக்கு இது எத்தகைய அபாயம் என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம். ஆயினும், வீரம் முழுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டுப் பாதிரியாரை மறந்துவிடுவது நன்றியாகாது. எழுதுவதற்கு ஒரு துணிவு வேண்டும். எழுதியதற்காகத் தண்டனை ஏற்க அதைவிடப் பெரிய துணிவு வேண்டும். முன்னது மாணாக்கருடையது. பின்னது ஆசிரியருடையது.

நூலின் பெருமையோடு அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். துரைமாரை இடித்துரைத்த தீனபந்து, மகாராணியாரின் ஆட்சியில் நம்பிக்கை இழக்கவில்லை. நல்ல அதிகாரிகள் வந்தால் நியாயம் பிறக்குமென்று முகவுரையில் எழுதியவர் அவர். உழவர்கள் தடியெடுத்து எதிர்த்து நின்ற கிளர்ச்சியைப் படித்த கனவானின் கண்ணாடியிலே காட்டிய நூல் இது என்று சரித்திராசிரியர் ரணஜித் குஹா 1974-ல் ஆராய்ந்து எழுதினார். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் 1860-ல் உத்தியோகத்திலிருந்த ஒருவர் காட்டிய கண்ணாடியில் அவ்வளவு தெரிந்ததே பெரிதென்று நாம் எண்ணுகிறோம்.

மேடையில் நீலதர்ப்பணம்

நாடகம் எழுதிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1872 டிசம்பர் 7-ந் தேதி, கல்கத்தாவில் பாக்பஜார் இளைஞர்கள் நேஷனல் தியேட்டர் என்ற பெயரில் ஒரு சபை அமைத்து அதன் முதல் நாடகமாக நீலதர்ப்பணத்தை ஆடினார்கள். அதுவரை வங்காள நாடகங்கள் ராஜாக்கள், ஜமீன்தார்களின் மாளிகைகளில் அழைப்புப் பெற்றவர்களுக்கு மட்டும் நடந்து வந்தன. காசு கொடுத்தால் எவரும் உட்கார்ந்து பார்க்கலாம் என்ற உரிமை அன்றைக்குத்தான் உண்டாயிற்று. அர்த்தேந்து சேகர முஸ்தபி ஒருவரே உட் துரை முதலிய பல வேஷங்களைத் தரித்து ஜனங்களைப் பிரமிக்கச் செய்தார். அவருடைய துரை வேஷத்தைக் கண்டு கோபம் தாங்காமல் வித்தியாசாகரர் காலணியைக் கழற்றி வீசினாரென்று ஒரு கதையும் வழங்குகிறது. 1875-ல் வேறொரு கம்பெனியார் லக்ஷ்மணபுரியில் இதை ஆடியபோது, தோராப் துரையைக் கீழே தள்ளி உதைக்கும் கட்டத்தில் சபையிலிருந்த வெள்ளைக்காரர்கள் மேடைமீதே ஏறிவிட்டார்கள். நாடகம் அதோடு நின்றது. அன்று நடித்த விநோதினி தாசி இதைத் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார்.

மேடைக்கு இவ்வளவு சக்தி உண்டென்று கண்ட துரைத்தனத்தார் 1876-ல் நாடகச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். உடனடிக் காரணம் வேறொரு நையாண்டி நாடகம்தான். ஆனால் துரைமாரின் மனத்தில் நீலதர்ப்பணம் மூட்டிய பயம் பழையது. அந்தச் சட்டம் பிற்காலத்தில் தமிழ் நாட்டு மேடையின் தேசிய நாடகங்கள்மீதும் பாய்ந்தது. சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுகள் சென்ற பின்னரே, 2018-ல், அது சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. அந்நியன் செய்து வைத்த விலங்கைச் சொந்த ராஜாங்கமும் இத்தனை காலம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தது கவனிக்கத்தக்கது.

நகைச்சுவையும் மறைவும்

நீலதர்ப்பணம் ஒன்றையே கொண்டு தீனபந்துவை அழுகைக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் இயல்பில் பெரிய நகைச்சுவைக்காரர். அவர் புகுந்த சபையில் சிரிப்பு அடங்காது என்பர் நண்பர். 1866-ல் வெளியான 'சதவார் ஏகாதசி' என்ற நாடகத்தில், இங்கிலீஷ் படித்துவிட்டுக் குடியில் மூழ்கிக் கெட்ட கல்கத்தா இளைஞர்களைப் படம் பிடித்திருக்கிறார். அதில் வரும் நிமசந்து தத்தன் ஷேக்ஸ்பியரைப் பிரமாதமாய் ஒப்பிப்பான்; தெருச் சாக்கடையில் விழுந்து கிடப்பான். பெரிய அறிவு வீணாவதைக் கண்டு சிரிக்கும்போதே நமக்குத் துக்கமும் உண்டாகிறது. மேனாட்டுப் படிப்பினால் தலை கனத்த நம்மனோருக்கு அது இன்றும் படிக்க வேண்டிய நூல். கல்யாணப் பைத்தியம் பிடித்த கிழவரைப் பற்றி ஒன்றும், மாமனார் வீட்டுச் சோற்றை நம்பிப் பட்டாளம்போலக் கிடக்கும் மாப்பிள்ளைமாரைப் பற்றி 'ஜாமாய் பாரிக்' என்று ஒன்றும் எழுதினார். பல பெண்களை மணக்கும் குலீன வழக்கத்தை இவ்விதம் சிரித்தே அடித்தார்.

உத்தியோகத்தில் அவர் கண்ட பலன் என்ன? 1871-ல் லூஷாய்ப் படையெடுப்பின்போது மலைக்காட்டில் தபால் போக்குவரத்தை ஏற்பாடு செய்யும் கடினமான வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதைத் திறம்பட முடித்ததற்கு ராய் பகதூர் பட்டம் கிடைத்தது. பதவி உயர்வு கிடைக்கவில்லை. வங்காளியாகப் பிறவாதிருந்தால் இலாகாவின் தலைமைப் பதவிகளையே அவர் அடைந்திருப்பார் என்று, தாமும் சர்க்கார் உத்தியோகஸ்தராயிருந்த பங்கிமர் மனம் கசந்து எழுதினார். மேலதிகாரிகள் இருவருக்குள் நேர்ந்த பிணக்கின் பலனும் கடைசியில் தீனபந்துவின் தலையிலேதான் விடிந்தது. இடம் மாற்றி இடம் மாற்றி அலைக்கழித்தார்கள். ஓயாத பிரயாணத்தில் உடல் தளர்ந்தது. நீரிழிவும் அதைத் தொடர்ந்து இராஜபிளவையும் கண்டன. பிளவை ஒன்றன்பின் ஒன்றாக உடலில் தோன்றிக் கடைசியில் பாதத்தில் வந்தபோது, அதுவும் தம் காலைப் பிடித்துக்கொண்டதென்று வேடிக்கை பேசினாராம். 1873 நவம்பர் முதல் தேதி அவர் காலமானார்.

நாம் அறிய வேண்டியது

வங்காளத்தில் நீலக் கொடுமை 1860-க்குப்பின் ஒடுங்கிற்று. துரைமார் பீஹாருக்கு நகர்ந்தார்கள். அங்கே சம்பாரணிலே இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டா நீலம் விதைக்க வேண்டுமென்ற கட்டாயம் தொடர்ந்தது. 1897-ல் ஜெர்மனியில் செயற்கை நீலம் வியாபாரத்துக்கு வந்து இயற்கை நீலத்தின் விலையை வீழ்த்தியபோதும், துரைமார் தங்கள் நஷ்டத்தைக் குடியானவர் தலையிலேயே சுமத்தினார்கள். 1917-ல் மகாத்மா காந்தி அங்கே சென்ற பிறகே, 1918-ம் ஆண்டுச் சட்டத்தால் அக்கட்டாயம் ஒழிந்தது. நதியாவில் உழவன் தொடங்கியதைச் சம்பாரணில் உழவனே முடித்தான். இடையில் ஒரு நாடகம் அவன் குரலைப் படித்தவர்களின் காதில் ஏறச் செய்தது.

இன்று தேசத் தொண்டிலும் எழுத்துத் தொண்டிலும் ஈடுபட்டிருப்போர் தீனபந்துவிடம் கற்க வேண்டியது எதுவென்று கேட்டால், நாம் ஒன்றையே சொல்லுவோம். அவர் கற்பனையைத் தேடிக் காட்டுக்குப் போகவில்லை. சம்பளம் வாங்கிய வேலையின் நிமித்தம் போன வழியிலே, கண்ணெதிரில் கண்டதை எழுதினார். அந்த வழியில் அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ உத்தியோகஸ்தர்கள் போயிருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் அதே சாயச் சாலை பட்டது. அதே உழவன் பட்டான். நம் ஜில்லாக்களிலும் அத்தகைய வழிகள் பல உண்டு. அவற்றில் நாள்தோறும் நடக்கும் படித்தவர்களும் உண்டு. கண்டதை எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி.